மழை வந்ததும் சாகும் மீன்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரத்தின் மேற்குப் பகுதியில், வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே லாங்ஃபெல்லோ என்றொரு ஓடை ஓடுகிறது. 1990களில் அந்த நகரத்தைச் சுற்றியுள்ள பல ஓடைகளைச் சீரமைத்தார்கள். கரையில் மரம் நட்டார்கள், மீன் ஏற முடியாத தடுப்புகளை அகற்றினார்கள், முட்டையிடுவதற்குத் தோதாகச் சரளைக்கல் பரப்பினார்கள். கடலுக்குப் போன கோஹோ சால்மன் மீன்கள் பிறந்த ஓடைக்குத் திரும்பி வரவேண்டும் என்பதுதான் நோக்கம்.

மீன்கள் வந்தன. வந்த இடத்தில் செத்தன.

இலையுதிர்காலத்தின் முதல் பெருமழைகளோடு கோஹோ ஓடையில் ஏறும். அந்த மழைநாட்களில் கரையோரம் நடந்து கண்காணித்தவர்கள் விசித்திரமான காட்சிகளைப் பதிவு செய்தார்கள். ஆழத்தில் எதிர்நீச்சல் போடவேண்டிய மீன் நீர்மட்டத்தில் திசையில்லாமல் வட்டமடிக்கிறது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. துடுப்புகள் விறைத்து விரிகின்றன. சற்று நேரத்தில் சமநிலை தவறி ஒருபக்கமாகச் சாய்கிறது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடுகிறது. செத்த பெண் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தால், இட்டிருக்கவேண்டிய முட்டைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளேயே இருந்தன.

முட்டையிட்ட பிறகு சாவது கோஹோவின் இயல்பு. இடுவதற்கு முன்பே சாவது இயல்பல்ல. 2002 முதல் 2009 வரை லாங்ஃபெல்லோ ஓடையை அன்றாடம் கணக்கெடுத்தபோது, ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வந்த மீன்களில் 60 முதல் 100 விழுக்காடு இப்படியே மடிந்தது தெரிந்தது. நகரத்துக்கு வெளியே ஃபோர்ட்சன் என்ற ஓடையில் 2002ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் இந்த இழப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நகர ஓடைகளில் சாவு இப்படியே தொடர்ந்தால் சில பத்தாண்டுகளுக்குள் அந்த ஓடைகளின் கோஹோ கூட்டமே அற்றுப்போகும் என்று கணித மாதிரிகள் காட்டின.

ஓடை பார்வைக்குத் தெளிவாக இருந்தது. அப்படியானால் மீனைக் கொன்றது எது? விடை கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலின் கதைதான் இந்த அத்தியாயம்.

குளிர்நீர் மீனின் உடல்வாகு

சால்மன், ட்ரௌட், சார் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். குளிர்ந்த, ஓடும், தெளிந்த நீர்தான் அவற்றின் வீடு. நீரில் கலக்கும் நஞ்சு இவற்றை எளிதில் தாக்குவதற்கு முதற்காரணம் ஆக்சிஜன். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 10 டிகிரியில் அது 11 மில்லிகிராமைத் தாண்டும். இந்தக் குடும்பத்து மீன்கள் ஓயாமல் நீந்துபவை, அருவியைத் தாண்டி ஏறுபவை. அவற்றின் உடல் அந்த மிகுதியான ஆக்சிஜனை நம்பி அமைந்தது. அதை உறிஞ்சுவதற்காகச் செவுள்களின் பரப்பு விரிந்திருக்கிறது. செவுளின் சுவர் மிக மெல்லியது. ஒவ்வொரு மூச்சிலும் புதுநீர் அதன்மேல் பாய்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த மெல்லிய சுவரால் ஆக்சிஜனை மட்டும் தேர்ந்து உள்ளே விட முடியாது. நீரில் கரைந்திருக்கும் வேறு பொருள்களும் அதே வழியாக இரத்தத்தில் நுழைகின்றன. நிலத்தில் வாழும் விலங்குக்கு நஞ்சு பெரும்பாலும் உணவில் வருகிறது. மீனுக்கு மூச்சிலேயே வருகிறது.

இரண்டாவது காரணம் முட்டை. பெண் கோஹோ இலையுதிர்காலத்தில் சரளைக்கல்லைத் தோண்டி, ஆயிரக்கணக்கான முட்டைகளைப் புதைக்கிறது. குளிர்நீரில் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். முட்டையும் குஞ்சும் மாதக்கணக்கில் அந்தக் கல்லிடுக்கிலேயே கிடக்கின்றன. தாய் தன் கொழுப்பில் சேர்த்து வைத்திருந்த எதுவும் மஞ்சள்கருவின் வழியாகக் குஞ்சுக்குப் போய்விடும். நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 1950களில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். ஏரியைச் சுற்றிலும் தெளித்த டிடிடி பூச்சிமருந்து ஏரி ட்ரௌட்டின் கொழுப்பில் சேர்ந்தது. பெரிய மீன்கள் நலமாகவே நீந்தின, முட்டையும் இட்டன. குஞ்சுகள் பொரிந்தன. மஞ்சள்கருவின் கடைசித் துளியை உறிஞ்சி முடிக்கும் கட்டத்தில் அவை கூட்டமாகச் செத்தன. தாய் தாங்கிக்கொண்ட நஞ்சைக் குஞ்சால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது காரணம் மூக்கு. கோஹோ நன்னீரில் பிறந்து, ஏறத்தாழ ஓராண்டு அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய், மூன்று வயது வாக்கில் திரும்பி வருகிறது. தன் ஓடையை அது மணத்தால்தான் கண்டுபிடிக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1954இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவியது. சியாட்டிலுக்குப் பக்கத்தில் இஸ்ஸக்வா ஓடையின் இரு கிளைகள் கூடும் இடத்துக்கு மேலே இரண்டிலும் கோஹோவைப் பிடித்து, பாதி மீன்களின் மூக்கை அடைத்து, கூடுமிடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தங்கள் கிளைக்கே திரும்பின. அடைபட்டவை எந்தக் கிளை என்று தெரியாமல் சிதறின.

இந்த மூக்கைச் செம்பு கெடுக்கும். வாகனங்களின் பிரேக் கட்டை தேயும்போது செம்புத்தூள் சாலையில் படிகிறது, மழையில் ஓடைக்குப் போகிறது. சால்மன் குஞ்சு ஒன்று காயம்பட்டால் அதன் தோலிலிருந்து ஒரு வாசனை கசியும். மற்றக் குஞ்சுகள் அதை உணர்ந்ததும் அசையாமல் உறைந்துவிடும். வேட்டையாடும் மீனின் கண்ணில் படாமல் தப்புவதற்கான வழி அது. ஒரு லிட்டர் நீரில் வெறும் 2 மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே, மூன்று மணி நேரத்தில் கோஹோ குஞ்சின் இந்த எச்சரிக்கை உணர்வு மங்குகிறது என்று 2007இல் காட்டினார்கள். குஞ்சு சாகவில்லை, நோயும் வரவில்லை. ஆபத்து வரும்போது ஒதுங்கத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஓடையில் அதன் ஆயுளைக் குறைக்க அதுவே போதும்.

சந்தேகப் பட்டியல்

லாங்ஃபெல்லோ ஓடையின் மீன்சாவை ஆராயப் புகுந்தவர்கள், அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் நத்தானியல் ஷோல்ஸும் அவருடைய குழுவினரும். அவர்கள் முதலில் வழக்கமான காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நீரில் ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. வெப்பம் கூடவில்லை. அம்மோனியா அளவு மீறவில்லை. மீன்களுக்குத் தொற்றுநோய் இல்லை. பூச்சிமருந்துக்கும் சாவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. மீன்கள் உடல் மெலிந்தும் வரவில்லை.

மிஞ்சியவை இரண்டு தடயங்கள். செத்த மீன்களின் உடலில் உலோகங்களும் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்களும் பட்டதற்கான அடையாளம் இருந்தது. இரண்டும் வாகனங்களிலிருந்து வருபவை. சாவும் மழையோடு சேர்ந்தே வந்தது. மழை சாலையைக் கழுவுகிறது, கழுவிய நீர் வடிகால் வழியாக எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடையில் விழுகிறது. ஆகவே நஞ்சு சாலையில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. சாலையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களில் எது என்பதுதான் கேள்வி.

ஆய்வாளர்கள் உலோகங்களையும் ஹைட்ரோகார்பன்களையும் சாலைநீரில் காணப்படும் அளவிலேயே தூய நீரில் கலந்து அதில் கோஹோவை விட்டுப் பார்த்தார்கள். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரையே பிடித்து வந்து தொட்டியில் நிரப்பினார்கள். கோஹோ செத்தது. அளக்கத் தெரிந்த பொருள்களை எல்லாம் சேர்த்தும் கொல்லாத ஒன்றை, உண்மையான சாலைநீர் கொன்றது. ஆய்வகங்கள் வழக்கமாகத் தேடும் பட்டியலில் அந்த நஞ்சு இல்லை என்பதே இதற்குப் பொருள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கொல்லும் சாலைநீரை மணலும் மட்கு உரமும் கலந்த மண்ணடுக்கின் வழியாக வடிய விட்டார்கள். வடிந்த நீரில் கோஹோ உயிரோடு இருந்தது. 2016இல் வெளியான இந்த முடிவு, நஞ்சின் பெயர் தெரிவதற்கு முன்பே அதைத் தடுக்கும் வழியைக் காட்டிவிட்டது. மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இந்தச் சோதனைகள் நடந்த பொரிப்பகம் சுக்குவாமிஷ் பழங்குடியினருடையது. அவர்கள் தங்கள் மீன்களை ஆய்வுக்குத் தந்ததற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1850களில் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தங்களில் இப்பகுதிப் பழங்குடியினர் நிலத்தைக் கொடுத்துவிட்டு, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கென வைத்துக்கொண்டார்கள். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் அளித்த தீர்ப்பு, பிடிக்கத்தக்க சால்மனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்று உறுதிசெய்தது. மீன் இல்லாத ஓடையில் அந்த உரிமைக்கு மதிப்பில்லை. ஓடையில் மீன் இருக்கவேண்டும் என்று கேட்பது அவர்களுக்குச் சட்டத்தின் கேள்வியும் ஆகும்.

2018இல் மற்றொரு புதிர் சேர்ந்தது. கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மனை அதே சாலைநீரில் விட்டபோது அதற்கு எதுவும் ஆகவில்லை. ஒரே நீர், ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு மீன்கள், முற்றிலும் வேறான முடிவு.

இரண்டாயிரத்திலிருந்து ஒன்று

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தில் எட்வர்ட் கோலோஜேயின் குழு, சாலைநீரில் கொல்லும் பொருள் எது என்று கண்டுபிடிக்கும் பணியை எடுத்துக்கொண்டது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர் மீன் சோதனைகளை நடத்தினார். குழுவினர் மீன்கள் செத்த ஓடைநீரின் வேதிக் கூட்டமைப்பை எடுத்து, வாகனத்திலிருந்து வரக்கூடிய பொருள்களோடு ஒப்பிட்டார்கள். எஞ்சின் ஆயில், குளிர்விக்கும் திரவம், கண்ணாடி துடைக்கும் திரவம் எனப் பலவும் அந்த வரிசையில் இருந்தன. அதிகமாக ஒத்துப்போனது டயரின் தேய்மானத் துகள் ஊறிய நீர்.

டயரின் மேற்புறத்தைச் சுரண்டித் துகளாக்கி, நீரில் ஊறவைத்து, அந்த நீரில் கோஹோ குஞ்சுகளை விட்டார்கள். குஞ்சுகள் அதே அறிகுறிகளோடு செத்தன. இனி டயருக்குள் தேடவேண்டும். ஆனால் டயர் நீரில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருந்தன.

குழுவின் ஆய்வாளர் ஷென்யூ டியான் பிரித்துப் பிரித்துச் சோதிக்கும் முறையைக் கையாண்டார். டயர் நீரை வேதித் தன்மையை வைத்துப் பல பங்குகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பங்கிலும் மீனை விடுவார்கள். மீன் பிழைத்தால் அந்தப் பங்கு தள்ளுபடி. மீன் செத்த பங்கை எடுத்து மீண்டும் பிரிப்பார்கள். உலோகங்களை நீக்கிப் பார்த்தார்கள், நச்சு போகவில்லை. இரண்டாயிரம் சில நூறாயிற்று, சில நூறு ஒருசிலவாயிற்று. எந்தக் கருவியாலும் சொல்ல முடியாததை ஒவ்வொரு கட்டத்திலும் மீன்தான் சொன்னது.

கடைசியில் ஒரு பொருள் மிஞ்சியது. அதன் மூலக்கூறில் கார்பன் 18, ஹைட்ரஜன் 22, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 என்று நிறை நிறமாலைமானி காட்டியது. டயரில் சேர்க்கப்படுவதாகத் தெரிந்த பொருள்களில் இந்த வாய்பாட்டுக்குரியது ஒன்றுமே இல்லை. டியான் இங்கே வேறொரு கோணத்தில் யோசித்தார். ஆலையில் சேர்த்த பொருளே ஓடைக்கு வரவேண்டும் என்பதில்லையே, வழியில் அது மாறியிருக்கலாமே? காற்றில் ஆக்சிஜனேற்றம் நடந்தால் ஹைட்ரஜன் குறையும், ஆக்சிஜன் கூடும். அப்படிப் பார்த்தபோது, டயர்த் துகள்களைப் பற்றிய அரசு அறிக்கை ஒன்றில் கார்பன் 18, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2 கொண்ட ஒரு பொருள் கண்ணில் பட்டது. அதன் பெயர் 6-பிபிடி.

ரப்பரைக் காக்கும் பொருள்

தரைமட்டக் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஓசோன் இருக்கும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அவற்றை வெட்டிவிடும். பாதுகாப்பில்லாத டயர் சில காலத்திலேயே பக்கவாட்டில் வெடித்துப் பிளக்கும். ஓடும் வண்டியில் இது உயிருக்கு ஆபத்து. இதைத் தடுக்கவே 1960களிலிருந்து டயரில் 6-பிபிடி சேர்க்கிறார்கள். டயரின் எடையில் ஏறத்தாழ 0.4 முதல் 2 விழுக்காடு வரை இது இருக்கும்.

இது வேலை செய்யும் விதம் நுட்பமானது. டயருக்குள்ளிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. ரப்பரை விட வேகமாக ஓசோனோடு வினைபுரிகிறது. ஓசோன் ரப்பரைத் தொடுவதற்கு முன்பே அதை எதிர்கொண்டு தன்னை அழித்துக்கொள்கிறது, மேலே ஒரு காப்புப் படலமும் உண்டாகிறது. உள்ளிருந்து புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் டயரின் ஆயுள் முழுவதும் பாதுகாப்பு தொடர்கிறது.

அந்த வினையில் பிறக்கும் பொருள்களில் ஒன்றுதான் 6-பிபிடி குயினோன். டியான் குழுவினர் தூய 6-பிபிடியை ஆய்வகத்தில் ஓசோனோடு வினைபுரியச் செய்தார்கள். டயர் நீரில் பிரித்தெடுத்த அதே பொருள் உருவானது. அதைத் தூய நீரில் கலந்து கோஹோ குஞ்சை விட்டார்கள். ஓடையில் பார்த்த அதே சாவு. சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ் சாலைநீரிலும் சான் பிரான்சிஸ்கோ பகுதி ஓடைகளிலும் தேடினார்கள். மூன்று பகுதிகளிலும் அது கிடைத்தது. 2020 டிசம்பரில் இந்த முடிவு 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

இந்தப் பொருளை எந்த ஆலையும் தயாரிக்கவில்லை, எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. நாம் ஒன்றைச் செய்தோம், காற்று அதை இன்னொன்றாக்கியது. டயர் தேய்கிற ஒவ்வொரு சாலையிலும் அறுபது ஆண்டுகளாக இது நடந்துகொண்டிருக்கிறது. வேதிப்பொருள்களுக்கு அனுமதி தருகிறபோது அந்தப் பொருள் நச்சா என்று கேட்பது வழக்கம். அது எதுவாக மாறும், மாறியது நச்சா என்று கேட்கும் வழக்கம் இன்னும் போதிய அளவு வரவில்லை.

ஒரு கிராமும் ஒரு கோடி லிட்டரும்

ஒரு நஞ்சின் வலிமையை, சோதனைக்கு விட்ட மீன்களில் பாதியைக் கொல்லும் அளவு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். தூய மாதிரிப் பொருள் சந்தையில் கிடைத்த பிறகு 2022இல் திருத்திய கணக்கின்படி, கோஹோவுக்கு 6-பிபிடி குயினோனின் அந்த அளவு ஒரு லிட்டருக்கு 95 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஆயிரத்தை நிரப்பி, அத்தனைக்கும் சேர்த்து ஒரு கிராம் கலந்தால் போதும். நீர்வாழ் உயிர்களுக்கு இதைவிடக் கொடிய பொருள்கள் மிகச் சிலவே அறியப்பட்டுள்ளன.

இது உடலுக்குள் செய்வதையும் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட கோஹோவின் மூளையில் இரத்த நாளங்களின் சுவர் காப்பை இழந்து கசிகிறது. இரத்தத்தின் திரவப் பகுதி நாளத்தை விட்டு வெளியேறுகிறது. மிஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. மீன் தடுமாறுவதும் திசை இழப்பதும் சாய்வதும் இதோடு பொருந்துகின்றன. அறிகுறி தொடங்கிவிட்ட மீனை நல்ல நீருக்கு மாற்றினாலும் அது தேறுவதில்லை. அதாவது, ஒரு மழையின் முதல் சில மணி நேரமே தீர்ப்பை எழுதிவிடுகிறது. மறுநாள் வந்து நீரை எடுத்துச் சோதிப்பவருக்குத் தெளிந்த ஓடையும் செத்த மீனும்தான் கிடைக்கும்.

சம் சால்மன் புதிர் பிற மீன்களிலும் தொடர்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் பிரிங்க்மன் குழுவினர் 2022இல் நான்கு மீன்களைச் சோதித்தார்கள். ஓடை ட்ரௌட்டில் பாதியை லிட்டருக்கு 0.59 மைக்ரோகிராமும், வானவில் ட்ரௌட்டில் பாதியை 1 மைக்ரோகிராமும் கொன்றன. வெள்ளை ஸ்டர்ஜனும் ஆர்க்டிக் சாரும் இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட அளவிலும் சாகவில்லை. ஓடை ட்ரௌட்டும் ஆர்க்டிக் சாரும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதைக் கவனிக்கவேண்டும். ஜப்பானின் வெண்புள்ளி சாரும் அந்தப் பேரினம்தான், அது லிட்டருக்கு அரை மைக்ரோகிராமில் சாகிறது. நார்வேயில் சோதித்த அட்லாண்டிக் சால்மனும் பழுப்பு ட்ரௌட்டும் தாங்கிக்கொண்டன.

ஆக, உறவுமுறையை வைத்து எந்த மீன் பிழைக்கும், எது சாகும் என்று ஊகிக்க வழியில்லை. நஞ்சுச் சோதனைக்கு உலகெங்கும் சில குறிப்பிட்ட இனங்களையே பயன்படுத்துகிறார்கள், அவற்றின் முடிவை மற்ற எல்லா மீன்களுக்கும் பொருத்துகிறார்கள். சம் சால்மனை மட்டும் சோதித்திருந்தால், சியாட்டிலின் சாலைநீர் பாதுகாப்பானது என்றே சான்றிதழ் கிடைத்திருக்கும்.

தடுக்கும் வழிகள்

பிரேக் கட்டையில் இருந்த செம்பின் கதை நம்பிக்கை தருகிறது. வாஷிங்டன் மாநிலம் 2010இல் ஒரு சட்டம் இயற்றியது. பிரேக் கட்டையில் செம்பு 2021க்குள் 5 விழுக்காட்டுக்கும் 2025க்குள் அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கவேண்டும் என்றது. கலிஃபோர்னியாவும் அதே வழியில் வந்தது. இரு மாநிலங்களுக்கென்று தனிப் பிரேக் கட்டை செய்வது கட்டுப்படியாகாது என்பதால் தொழில்துறை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டது. வண்டிகள் முன்போலவே நிற்கின்றன. நஞ்சைத் தோன்றும் இடத்திலேயே நிறுத்துவதுதான் மலிவான வழி, நிலையான வழியும் அதுவே.

டயரில் இது கடினம். 6-பிபிடி அளவுக்கு ஓசோனைத் தடுக்கும், மலிவான, ரப்பருக்குள் நகர்ந்து வரக்கூடிய மாற்றுப்பொருள் வேண்டும். அது ஓசோனோடு சேர்ந்து மற்றொரு குயினோனாக மாறக்கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு காப்புப் பொருள்களும் குயினோன்களைத் தருகின்றன. அவசரப்பட்டு மாற்றினால் ஒரு நஞ்சைக் கொடுத்து மற்றொன்றை வாங்கியதாகிவிடும். கலிஃபோர்னியா 2023 அக்டோபரிலிருந்து, 6-பிபிடி கலந்த டயர்களை மாற்றுத் தேடவேண்டிய பொருள்களின் வரிசையில் சேர்த்தது. டயர் நிறுவனங்கள் மாற்றுகளை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டியதாயிற்று. அதே ஆண்டு யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லால்லம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடி மக்கள், டயரில் 6-பிபிடியைத் தடுக்கவேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனு கொடுத்தார்கள். நவம்பரில் முகமை மனுவை ஏற்று, விதி வகுக்கும் பணியைத் தொடங்குவதாக அறிவித்தது. 2024இல் நீர்வாழ் உயிர்களைக் காப்பதற்கான வழிகாட்டு அளவாக, லிட்டருக்கு 11 நானோகிராம் 6-பிபிடி குயினோன் என்று அது வெளியிட்டது.

மாற்று வரும்வரை மண்தான் துணை. சாலையோரம் பள்ளமாக வெட்டி, மணலும் மட்கு உரமும் நிரப்பி, செடி வளர்த்து, சாலைநீரை அதற்குள் இறக்கினால் நஞ்சின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. சியாட்டில் பகுதியில் இத்தகைய மழைத் தோட்டங்கள் பல இடங்களில் உருவாகியிருக்கின்றன. வடிகாலைச் சிமென்ட் குழாயாக்கி நேரே ஆற்றில் இறக்குவதே நகரத் தூய்மை என்று நினைத்த பழைய பொறியியலைக் கோஹோவின் சாவு கேள்விக்குள்ளாக்கியது.

நம் மலைச்சாலைகளும்

இந்தக் கதை பசிபிக் கரையோடு முடியவில்லை. நீலகிரியின் உயரத்து ஓடைகளிலும் ஏரிகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரௌட் உண்டு. அவலாஞ்சியில் அதற்கென்று பொரிப்பகம் இருக்கிறது. இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் ட்ரௌட் விடப்பட்டது. கனடாவில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமில் பாதி செத்த அதே இனம்தான் நீலகிரியில் இருப்பதும். நம் மலைப்பாதைகளில் ஓடும் டயரிலும் ஓசோன் தடுப்பானாக இந்தக் குடும்பப் பொருள்களே இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் டயர் அதிகமாகத் தேய்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தூள் பக்கத்து ஓடையில்தான் இறங்கும்.

வந்தேறி மீனான ட்ரௌட்டைவிட முக்கியமானவை நம் மண்ணுக்கே உரிய மீன்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைகளில், பாறையில் ஒட்டி வாழும் சிறுமீன் முதல் மகசீர் வரை, உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் பல இருக்கின்றன. சம் சால்மனும் கோஹோவும் கற்பித்த பாடம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. வேறொரு மீனைச் சோதித்த முடிவை வைத்து நம் மீன்களுக்கு ஆபத்தில்லை என்றோ, உண்டு என்றோ சொல்ல முடியாது. அந்தந்த மீனைத்தான் கேட்கவேண்டும்.

அதற்குச் செய்யவேண்டியவை எளிமையானவை. முதல் பருவமழை பெய்யும் அன்றே, மலைச்சாலை வடிகாலின் வாயில் நீரைப் பிடித்து 6-பிபிடி குயினோனை அளக்கவேண்டும். நம் பல்கலைக்கழகங்களும் மீன்வளக் கல்லூரிகளும் உள்ளூர் மீன்களில் அதைச் சோதிக்கவேண்டும். மலைச்சாலையை அகலப்படுத்தும்போதே வடிகாலை ஓடையில் நேரே விடாமல் மண்வடிப்பு வழியாக விடவேண்டும். ஒரு வேதிப்பொருளைச் சந்தைக்கு விடும் முன், காற்றும் வெயிலும் மழையும் அதை எதுவாக மாற்றும் என்ற கேள்விக்குத் தயாரிப்பாளர் பதில் சொல்லவேண்டும் என்று சட்டம் கேட்கவேண்டும். மலையோரம் வாழ்கிறவர்கள், மழைக்குப் பின் மீன் செத்து மிதப்பதைக் கண்டால் அதை அன்றே மீன்வளத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். லாங்ஃபெல்லோ ஓடையில் மீன்கள் செத்தது கரையில் நடந்து பார்த்த சிலரால்தான் உலகுக்குத் தெரிந்தது.